எக்ஸ்ரே படிப்பு: அரசு டிகிரியா, தனியார் டிகிரியா, இரண்டு வருட டிப்ளமோவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, நீட் கைகொடுக்காது என்று தெரிந்த வாரமே நம் பக்கத்து வீடுகளில் பாராமெடிக்கல் பேச்சு தொடங்கிவிடும். "ஸ்கேன் படிப்புல போட்டுருங்க, முடிச்ச கையோட வேலைங்க" என்று சொந்தத்தில் ஒருவர் சொல்வார். தாராபுரத்தில் லேப் வைத்திருக்கும் இன்னொருவர், "நாலு வருசம் எதுக்குங்க, டிப்ளமோ போதும்" என்பார். அதற்குள் ஏதாவதொரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வந்து, சீட்டைப் பிடித்துவைக்க முன்பணம் கேட்டிருப்பார்கள். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் ஜூன் மாதம் ஓடிப்போகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஊரில் 'ஸ்கேன்' என்றால் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிக்கு அந்த ஸ்கேனை இந்தப் படிப்பு முடித்தவர் பார்க்க முடியாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தகுதி பெற்ற மருத்துவருக்குத்தான் விட்டிருக்கிறது. ரேடியோகிராபரின் கைக்கு வருபவை எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம் (மார்பகப் படம்), ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மெஷின்), இருதயப் பிரிவில் கேத் லேப் (இருதய ரத்தக்குழாயைப் படம் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறை). படம் எடுப்பவர் இவர். ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். 'ஸ்கேன் சென்டர் வைத்துத் தானே ரிப்போர்ட் கொடுக்கலாம்' என்ற நினைப்பில் யாராவது சேர்வதாக இருந்தால், இங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், சான்றிதழின் சட்ட மதிப்பு. துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன்படி டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் நிலைக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு வருடத்தில் பரவியிருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையில் உள்ள சுகாதாரத் தொழில்முறையாளருக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடக்கும் சான்றிதழ்ப் படிப்புகள் இந்த இரண்டிலும் வராது. தபால் வழி, ஆன்லைன் வழி டிகிரியும் வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை அப்படி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே (யூஜிசி) சொல்லிவிட்டது. எனவே இந்தக் கட்டுரையில் அவை ஒப்பீட்டுக்கே வரவில்லை.

இரண்டாவது, கைவேலை. என் கணக்கில் இதற்குத்தான் பாதி மதிப்பெண். நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சுலபம் என்று நினைக்கும் படம் அது. நோயாளியின் நெஞ்சு, படம் பதியும் டிடெக்டரைத் தொட, கதிரை அனுப்பும் டியூப் 180 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். கிட்டே இருந்து எடுத்தால் இருதயம் பெரிதாகத் தெரிந்து, இல்லாத வீக்கத்தை ரிப்போர்ட்டில் எழுத வைத்துவிடும். கையை இடுப்பில் வைத்துத் தோளை முன்னால் உருட்டவில்லை என்றால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழும். உடம்பு லேசாகத் திரும்பியிருந்தாலும், இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்காது. மூச்சை முழுசாக இழுத்திருந்தால் பின்பக்க விலா ஒன்பது, பத்து எண்ண முடியும். ஏழுதான் தெரிகிறதென்றால் நுரையீரலின் அடிப்பகுதி நெரிந்து, நிமோனியா போலத் தெரியும். இத்தனையையும் இருமிக்கொண்டிருக்கும் எழுபது வயது அப்பாரு ஒருவரை நிற்க வைத்து, இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டும். நூறு பேருக்குச் செய்து, பக்கத்தில் ஒருவர் திருத்தினால் கை படியும். புத்தகத்தில் வராது.

டிஜிட்டல் மெஷினில் இன்னொரு வம்பு உண்டு. பிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. இப்போது அதிகம் கொடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும், சொல்லப்போனால் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறைந்து இன்னும் அழகாக வரும். கேட்க ஆளில்லாத இடத்தில் பழகும் மாணவர் மெல்ல மெல்ல டோஸை ஏற்றிக்கொண்டே போவார். டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்துக் கண்டிக்கும் சீனியர் ஒருவர் இருக்கிறாரா என்பது கல்லூரியின் கட்டடத்தைவிட முக்கியம்.

மூன்றாவது, முழுச் செலவு: ஃபீஸ் மட்டுமில்லை, அறை, சாப்பாடு, சம்பளம் இல்லாத காலம் எல்லாம் சேர்த்து. நான்காவது, பின்னால் எந்தக் கதவு மூடும் என்பது: எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை, வெளிநாடு.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டிகிரி. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், ஆக நான்கு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ரேங்க் பட்டியல் போட்டு, பாராமெடிக்கல் கவுன்சலிங் நடத்தும். நீட் தேவையில்லை, ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். பெரிய லாபம் கூட்டம்தான். கோவை ஜி.எச்., சேலம் மோகன் குமாரமங்கலம், பெருந்துறை என்று எங்கே போனாலும் எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை நிற்கும். பெருந்துறைக் கல்லூரி நிற்கும் இடத்துக்கு இன்னும் சானடோரியம் என்றுதான் பெயர். ஒருகாலத்தில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற இடம். தேசிய நெடுஞ்சாலை 544-ல் விழுந்தவர், பொள்ளாச்சிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவர், போர்வெல் போடும் ரிக் வண்டியில் கை நசுங்கியவர் என்று வராத கேஸ் இல்லை. தென்னையிலிருந்து விழுந்தவரின் முதுகெலும்பை அவரைத் திருப்பாமல், படுத்தபடியே கிடையாக டியூபை வைத்து எடுக்கும் வித்தையை முதல் வருடத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். கோவை மருத்துவக் கல்லூரி இருப்பது அவிநாசி சாலையில் பீளமேட்டில். மருத்துவமனை திருச்சி சாலையில், ரயில் நிலையம் பக்கம். எந்த வருடம் எங்கே வகுப்பு என்று கேட்காமல் அறை எடுத்தால் தினமும் டவுன் பஸ்ஸில் ஊரைக் கடக்க வேண்டிவரும். நைட் போஸ்டிங் தொடங்கிய பிறகு கோபியிலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ போய்வருகிறேன் என்பது நடக்காது. கடைசி பஸ் யாருக்காகவும் நிற்காது. இன்னொன்று, அரசு மருத்துவமனைகளின் சிடி, எம்ஆர்ஐ மையங்கள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பொறுப்பில் இயங்குகின்றன. மெஷின் வளாகத்தில் இருந்தாலும், மாணவருக்கு அங்கே எத்தனை வாரம் போஸ்டிங், மெஷினை இயக்கும் கன்சோலில் உட்கார விடுவார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். எக்ஸ்ரேயில் சிங்கமாக இருந்துவிட்டு எம்ஆர்ஐ சீக்வன்ஸ் (படம் எடுக்கும் முறை) பெயர் தெரியாமல் வெளியே வருபவர்களும் உண்டு.

யாருக்கு? கட்ஆப் எட்டும் எல்லாருக்கும். சேலத்தில் கிடைத்தால் சேலம், கோவையில் கிடைத்தால் கோவை. ஊர் தூரம் என்று இந்த சீட்டை விட்டுவிட்டுத் தனியாரில் பணம் கட்டுவது வீண்.

தனியார் டிகிரி

இதில் இரண்டு ரகம் இருக்கிறது, ஃபீஸைப் பேசும்முன் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தன் சொந்தப் பெரிய மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கல்லூரி. மற்றொன்று, கட்டடம் மட்டும் வைத்துக்கொண்டு 'டை-அப்' என்ற பெயரில் வெளி மருத்துவமனைக்கு மாணவரை அனுப்பும் கல்லூரி. விளம்பர நோட்டீஸில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும்.

சொந்த மருத்துவமனை உள்ள இடத்தில் அரசு சீட்டைவிட ஒரு விஷயம் மேல்: புது மெஷின்கள். சிடி ஆஞ்சியோவுக்கு முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி போட்டு, சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் அளவு பார்த்து, இன்ஜெக்டரில் நொடிக்கு நான்கைந்து மில்லி வேகத்தில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்து) செலுத்தும் வேலையைத் தினமும் பார்க்கலாம். ஊசி ரத்தக்குழாயிலிருந்து நழுவி மருந்து தசைக்குள் இறங்கினால் கை எப்படி வீங்கும், உடனே என்ன செய்ய வேண்டும் என்பதும் அங்கேதான் தெரியவரும். எலும்பு ஆபரேஷன் அதிகம் நடக்கும் கோவை மருத்துவமனைகளில் சி-ஆர்ம் அனுபவம் தாராளம். டியூபை மேஜைக்குக் கீழே வைக்க வேண்டும், பக்கவாட்டுப் படம் என்றால் டிடெக்டர் பக்கம் நிற்க வேண்டும், ஏனென்றால் கதிர் சிதறிவருவது டியூப் பக்கம்தான் அதிகம். தியேட்டரில் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆள் கிடைப்பது வரம்.

டை-அப் கல்லூரியில் நடப்பது வேறு. பல கல்லூரி மாணவர்கள் ஒரே எக்ஸ்ரே அறையில் சுவரோரம் நிற்பார்கள். மருத்துவமனை ஊழியருக்கு இவர்கள் தன் மாணவர்கள் இல்லை; ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ரிப்போர்ட் கவர் கொடுக்கவும்தான் கூப்பிடுவார். நான்கு வருடம் கழித்து டிகிரி இருக்கும், கை இருக்காது.

செலவை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பேச்சுக்கு வருடம் 80,000 என்று வையுங்கள். மூன்று வருடத்துக்கு 2,40,000. அறை, சாப்பாடு மாதம் 7,000 என்றால் 48 மாதத்துக்கு 3,36,000. ஆக 5,76,000. சீருடை, தேர்வுக் கட்டணம், உடம்பில் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜுக்குத் தனியாக வாங்கும் பணம் இதில் சேரவில்லை. நான்காம் வருடம்தான் உண்மையான கண்ணி. சில இடத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டைபண்ட் உண்டு. சில இடத்தில் ஒன்றும் கிடையாது. சில இடத்தில் அந்த வருடத்துக்கும் ஃபீஸ் கேட்பார்கள். சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கல்விக் கடன் எடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவணை வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். கல்லூரி கொடுக்கும் போனஃபைடில் (படிப்புச் சான்றில்) 'மூன்று வருடம்' என்று மட்டும் இருந்தால், வங்கி கொடுக்கும் அந்த ஒரு வருட அவகாசத்தை இன்டர்ன்ஷிப்பே விழுங்கிவிடும்; முதல் சம்பளம் வரும் முன்பே தவணை நோட்டீஸ் வரும். 'இன்டர்ன்ஷிப் உள்பட நான்கு வருடம்' என்று எழுதி வாங்குங்கள்.

யாருக்கு? வெளிநாடு அல்லது எம்.எஸ்சி. என்று உறுதியாக இருப்பவருக்கு, அதுவும் சொந்த மருத்துவமனை உள்ள இடத்தில் சீட் கிடைத்தால். டை-அப் கல்லூரியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அரசு டிப்ளமோ

ரேடியோ டயக்னாசிஸ் டெக்னாலஜி டிப்ளமோ, சுருக்கமாக டிஆர்டிடி. இரண்டு வருடம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடப்பது. அறிவிப்பு டிகிரி அறிவிப்பிலிருந்து தனியாக வரும். பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, தனியாரில் பணம் கட்டிய பிறகு தலையில் கை வைப்பார்கள்.

அதே கூட்டம், அதே எக்ஸ்ரே அறை, பாதிக் காலம். மேலே போட்ட அதே அறை-சாப்பாட்டுக் கணக்கில் 24 மாதத்துக்கு 1,68,000. டிகிரிக்காரர் படித்துக்கொண்டிருக்கும் மீதி இரண்டு வருடத்தில் இவர் மாதம் 15,000 சம்பாதித்தால் 3,60,000 கைக்கு வந்திருக்கும். தறி ஓட்டும் வீட்டுக்கு, தோட்டத்தில் தண்ணீர் வற்றிய வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

டிப்ளமோ முடித்தவர் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் திருப்பூர், பல்லடம், பவானி மாதிரி ஊர்களின் நடுத்தர மருத்துவமனை அல்லது சென்டர். அங்கே ஒற்றை ஆள் வேலை. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், கூட்டம் குறைந்தால் பில்லும் போட வேண்டும். திருப்பூரில் அடிக்கடி வரும் கேஸ் ஒன்று: பவர் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறி முறிந்தது. ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பினால் டாக்டர் எந்தப் பக்கம் கீறுவது என்று தெரியாமல் தேடுவார். உள்ளங்கை கீழே பார்க்க ஒன்று, மற்ற விரல்களை மடக்கி அந்த விரலை மட்டும் நீட்டிப் பக்கவாட்டில் ஒன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம் வேண்டும். அப்போதுதான் ஊசித்துண்டு எலும்புக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியும். சொல்லித்தர அங்கே சீனியர் இருக்கமாட்டார்; படிக்கும்போதே பழகியிருக்க வேண்டும்.

மூடும் கதவுகள்: எம்.எஸ்சி.க்கு டிகிரி வேண்டும். கல்லூரியில் கற்பிக்கும் வேலையும் அப்படித்தான். பிறகு லேட்டரல் என்ட்ரியில் (நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்து) டிகிரி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது வாயால் சொன்னால், எந்தக் கல்லூரி, எந்த விதி என்று தாளில் காட்டச் சொல்லுங்கள். அந்த நம்பிக்கையில் மட்டும் டிப்ளமோ சேர வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | அரசு டிகிரி | தனியார் டிகிரி | அரசு டிப்ளமோ |
|---|---|---|---|
| காலம் | 3 + 1 வருடம் | 3 + 1 வருடம் | 2 வருடம் |
| கட்டணம் | மிகக் குறைவு | அதிகம், இடத்துக்கு இடம் மாறும் | மிகக் குறைவு |
| எக்ஸ்ரே பழக்கம் | மிக நன்று | சொந்த மருத்துவமனை என்றால் நன்று | மிக நன்று |
| சிடி, எம்ஆர்ஐ | போஸ்டிங்கைப் பொறுத்தது | சொந்த மருத்துவமனை என்றால் மிக நன்று | குறைந்த நேரம் |
| எம்.எஸ்சி. | முடியும் | முடியும் | முடியாது |
| மறைந்த சிக்கல் | அறை, நைட் பஸ் | நான்காம் வருடப் பணம், டை-அப் | பின்னால் ஏறுவது கடினம் |

அரசு டிகிரி கிடைக்கவில்லை, கையில் இருப்பது டை-அப் கல்லூரி டிகிரியும் அரசு டிப்ளமோவும் என்றால் டிப்ளமோவை எடுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து குறைந்தாலும் எக்ஸ்போஷர் பட்டனில் கை இருக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் டிகிரிக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு.

"பொம்பளப் புள்ளைக்கு இது ஆகுமாங்க?"

கதிர் பயம் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லா வீட்டிலும் எழும். இந்தியாவில் இதைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடம் 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 16 வயது தாண்டிய, 18 நிரம்பாத பயிற்சி மாணவருக்கு 6. கர்ப்பம் தெரிந்த பிறகு, கருவுக்கு மீதிக் காலம் முழுக்க 1. இதை அளக்கத்தான் டிஎல்டி பேட்ஜ். நெஞ்சு உயரத்தில், லெட் ஏப்ரனுக்குள்ளே போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளவு வாங்க வேண்டும். சுவருக்குப் பின்னால் கன்சோலில் நின்று எடுக்கும் எக்ஸ்ரே, சிடி வேலையில் இந்த எல்லையின் பக்கத்தில்கூட அளவு வராது. கவனம் தேவைப்படுவது சி-ஆர்ம், கேத் லேப், வார்டில் போர்ட்டபிள் (படுக்கைக்கே தள்ளிப்போய் எடுக்கும் எக்ஸ்ரே). அங்கேயும் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவர் இரண்டு மீட்டர் தூரத்துக்கு விலகினால் டோஸ் கால் பங்காகிவிடும். பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்பதைவிட, அந்தக் கல்லூரியில் மாணவருக்கு பேட்ஜ் தருகிறார்களா என்று கேட்பது உபயோகம். ஏப்ரனை மடித்துப் போட்டு வைத்திருந்தால் உள்ளே ஈயம் விரிசல் விட்டிருக்கும். ஹேங்கரில் தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தத் துறையின் ஒழுங்கு அதிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கணக்கு

வளைகுடா நாடுகளில் லைசென்சுக்கு முன்பு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சான்றிதழைக் கல்லூரியிடமும் பல்கலைக்கழகத்திடமும், அனுபவத்தை வேலை பார்த்த இடத்திடமும் நேரடியாகச் சரிபார்ப்பார்கள். மூடிவிட்ட சென்டரில் வாங்கிய அனுபவச் சான்றிதழ் அங்கே நிற்காது. பிரிட்டனில் 'ரேடியோகிராபர்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு பெற்றது. எச்சிபிசி என்ற பதிவு மன்றத்தில் பதிவில்லாமல் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. இங்கே படித்தவரின் பாடத்திட்டத்தை அவர்கள் தங்கள் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. எனவே சிலபஸ் புத்தகம், போஸ்டிங் லாக் புக் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துக் கல்லூரியில் கேட்டால் கிடைப்பது சந்தேகம். அங்கேயே போய் டயக்னாஸ்டிக் ரேடியோகிராபி டிகிரி படிப்பது இங்கிலாந்தில் மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் நான்கு. தோட்டத்தை விற்று அனுப்ப நினைப்பவர்களுக்கு, இங்கே படித்து அனுபவத்தோடு போகும் வழி பல மடங்கு மலிவு.

பணம் கட்டும் முன்

ஒரு வேலை நாள் காலை எட்டரை மணிக்கு, கல்லூரி ஆபீசுக்குப் போகாமல் நேராக எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போங்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை நோயாளி உள்ளே போகிறார்கள், மாணவர்கள் எத்தனை பேர், நோயாளியை நிறுத்துவது மாணவரா ஊழியரா என்று எண்ணுங்கள். மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன வாரம் நீயே எடுத்த சிடி எத்தனை கண்ணு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே விவரம் புரிந்துவிடும்.

பிறகு ஆபீசில் நான்கு கேள்வி: டிகிரி கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், சான்றிதழில் படிப்பின் பெயர் என்னவென்று அச்சாகும், இன்டர்ன்ஷிப் எங்கே, அந்த வருடம் பணம் யார் யாருக்குக் கொடுப்பது. பெயரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ரேடியோகிராபர் அறிவிப்பில் என்ன பெயர் இருக்கிறதோ, அதோடு உங்கள் சான்றிதழ் பொருந்த வேண்டும். பழைய அறிவிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிடுங்கள்.

முன்பணத்துக்கு அவசரப்படுத்தினால், அரசு ரேங்க் பட்டியல் வந்தபின் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரசீது வாங்குங்கள், ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் கவுன்சலிங் நாளன்று அதைத் திருப்பி வாங்க அலைவது நீங்கள்தான்.